தூங்காத காவல்காரன்!

அம்பத்தூர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது?

சைக்கிள் கம்பெனியா? லேத்துப் பட்டறைகளா? ஷிப்டு முடிந்ததும் தெரு நிறைய வரும் தொழிலாளர் கூட்டமா?

எல்லாம் சரிதான். 1949-ம் ஆண்டு தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் கம்பெனி, அம்பத்தூரின் பெயரை நாடெங்கும் கொண்டு போயிற்று. 1960-களில் எழுந்த தொழிற்பேட்டை, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பக்கத்து ஊரான ஆவடியில் 1965-ல் "விஜயந்தா" டாங்கி உருண்டு வெளியே வந்தது.

இதே வட்டாரத்தில் இப்போது ஒரு புது மாதிரியான கிடங்கு முளைத்திருக்கிறது.

அங்கே அரிசி மூட்டை கிடையாது. இரும்புத் தகடு கிடையாது. பருத்திப் பொதி கிடையாது.

பிறகு என்ன இருக்கிறது?

உங்கள் சேதிகள் இருக்கின்றன!

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

நீங்கள் பாங்கியில் பணம் போடுகிறீர்கள். கணக்கு எங்கே எழுதப்படுகிறது? மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தைக் கைப்பேசியிலிருந்து அனுப்புகிறீர்கள். அது எங்கே போய்த் தங்குகிறது? ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அந்த முடிவு எங்கே இருக்கிறது?

எங்கோ ஓர் ஊரில், ஒரு கட்டடத்தில், இரும்பு அலமாரிக்குள் அடுக்கி வைத்த யந்திரங்களில் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குத்தான் "டேட்டா சென்டர்" என்று பெயர். நாம் தகவல் கிடங்கு என்று சொல்லலாம்.

2023-ல் என்.டி.டி. நிறுவனம் அம்பத்தூரில் இப்படி ஒரு கிடங்கைத் திறந்தது. 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்சன் என்ற நிறுவனம் இன்னொன்றைத் திறந்தது. இந்த இரண்டாவது கிடங்குக்கு 20 மெகாவாட் மின்சாரம் என்று திட்டம். பிற்பாடு அந்த வளாகத்தையே 100 மெகாவாட் வரை வளர்க்கவும் எண்ணம்.

20 மெகாவாட் என்றால் எவ்வளவு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

20 மெகாவாட் முழுவதும் ஒரு மணி நேரம் ஓடினால் 20,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடு ஒன்று. அப்படிப்பட்ட 100 வீடுகள் இரண்டு மாதம் எரிக்கும் மின்சாரம் அது. ஒரே மணி நேரத்தில் தீர்ந்து விடும்!

இந்தக் கிடங்குகள் ஏன் சென்னையைத் தேடி வருகின்றன? வெளிநாட்டிலிருந்து சேதிகளைக் கொண்டு வரும் கம்பிகள், கடலுக்கு அடியிலேயே வந்து சென்னையில் கரை ஏறுகின்றன. 2002-லேயே சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே அப்படி ஒரு கம்பி போடப்பட்டது. துறைமுகம் இருக்கும் ஊரில் கிடங்கு இருப்பது வழக்கந்தானே!

சுற்றிக் கொண்டே இருக்கும் தட்டு

கிடங்கின் உள்ளே சேதிகளைத் தாங்கி நிற்பது "டிஸ்க்".

உலகத்தின் முதல் வியாபார டிஸ்க் யந்திரத்தை ஐ.பி.எம். கம்பெனி 1956-ல் வெளியிட்டது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 2 அடி அகலம். எடை ஒரு டன்னுக்கு மேல்! அவ்வளவு பெரிய யந்திரத்தில் 50 லட்சம் எழுத்துக்களைத்தான் வைக்க முடிந்தது. இன்று சட்டைப் பையில் கிடக்கும் சாதாரணக் கைப்பேசி, அதைப் போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல் தாங்குகிறது.

டிஸ்கில் இப்போது பல வகை. ஆனால் பெரிய கிடங்குகளில் இன்னும் சுற்றும் தட்டுகள் ஏராளம். ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுற்றும். வினாடிக்கு 120 தடவை! தட்டின் மேல் படாமல் ஓர் ஊசி மிதந்து கொண்டே படிக்கும், எழுதும். ஊசிக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி, நம் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இரவு பகல் ஓயாமல் சுற்றும் பொருள் ஒரு நாள் கெட்டுப் போகாதா? போகத்தான் செய்யும். ஆயிரக்கணக்கான டிஸ்குகள் இருக்கும் இடத்தில், அவ்வப்போது ஒன்று சாவது சர்வ சாதாரணம்.

செத்தால் அதில் இருந்த சேதி என்ன ஆவது?

போனதை மீட்கும் கணக்கு

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் இதை ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். "ரெய்டு" என்பது இதன் பெயர். போலீஸ் ரெய்டு அல்ல!

விஷயம் சுலபம். மூன்று டிஸ்குகள். ஒன்றில் 4 என்ற எண். அடுத்ததில் 7. மூன்றாவதில் 5. நான்காவதாக ஒரு டிஸ்க் வைத்து, மூன்றையும் கூட்டி 16 என்று எழுதி வைக்கிறோம்.

இரண்டாவது டிஸ்க் செத்து விட்டது. அதில் இருந்த எண் என்ன? 16-லிருந்து 4-ஐயும் 5-ஐயும் கழியுங்கள். 7! போன எண் திரும்பி வந்து விட்டது.

யந்திரம் போடும் கணக்கு இதைக் காட்டிலும் நுட்பமானது. ஆனால் அடிப்படை இதுதான்.

இங்கேதான் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்பதில்லை. பாங்கியில் பணம் எடுக்க முடிகிறது. படம் பார்க்க முடிகிறது. வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது. அலமாரியில் ஒரு சிறு விளக்கு மட்டும் சிவப்பாக எரியும்.

அந்தச் சிவப்பு விளக்கை யாரும் பார்க்காவிட்டால்?

இன்னொரு டிஸ்க் சாகும். இப்போது கணக்கில் இரண்டு எண்கள் இல்லை. 16-லிருந்து எதைக் கழிப்பது? முடியாது. போனது போனதுதான்!

முதல் டிஸ்க் செத்ததும் உடனே மாற்றினால் பிழைத்தோம். புது டிஸ்கில் பழைய சேதியை மறுபடி எழுதவே பல மணி நேரம் ஆகும். சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

நூற்றுக்கணக்கான அலமாரிகள். ஒவ்வொன்றிலும் பல டிஸ்குகள். நடு ராத்திரி 2 மணிக்கு எந்த விளக்கு சிவப்பானது என்று மனிதன் நடந்து நடந்து பார்க்க முடியுமா?

அதற்குத்தான் தூங்காத காவல்காரன்!

காவல்காரன் எப்படிப் பேசுகிறான்?

இந்தக் காவல்காரன் ஆள் அல்ல. அவன் ஒரு "சாப்ட்வேர்". அதாவது, கம்ப்யூட்டருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு. தகவல் கிடங்கையும் இவனையும் இணைத்து விட்டால், இவன் விடிய விடிய விசாரித்துக் கொண்டே இருப்பான்.

இருவரும் பேசிக் கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். 1988-ல் அப்படி ஒரு மொழி பிறந்தது. எஸ்.என்.எம்.பி. என்று பெயர். வேறு மொழிகளும் பின்னால் வந்தன. ஆனாலும் இன்றைக்கும் இது வழக்கில் இருக்கிறது.

இந்த மொழியில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓர் இலக்கம். ஊர், தெரு, வீடு என்று விலாசம் எழுதுகிறோம் அல்லவா? அதே மாதிரி, புள்ளி வைத்துப் பிரித்த எண்களின் வரிசை. ஒரு வரிசையைச் சொல்லிக் கேட்டால் டிஸ்கின் உடல்நிலை வரும். இன்னொன்றைக் கேட்டால் சூடு எவ்வளவு என்று வரும். மற்றொன்று, காலி இடம் எவ்வளவு என்று சொல்லும்.

சேதி வருவது இரண்டு வழியில்.

முதல் வழி, காவல்காரனே போய்க் கேட்பது. "நலமா?" என்று 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்பான்.

இரண்டாவது வழி, கிடங்கு தானே கூப்பிட்டுச் சொல்வது. "ஐயோ, என் டிஸ்க் ஒன்று போய் விட்டது!" என்று உடனே கத்தும்.

இரண்டாவது வழி இருக்கும் போது முதல் வழி எதற்கு? கிடங்கு கத்தும் கத்தல் சாதாரணத் தபால் மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ரசீது கிடையாது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். அது மட்டுமல்ல. கிடங்கே அடியோடு செத்து விட்டால் கத்துவது யார்? ஆகவே, கேட்கவும் வேண்டும். கேட்டுப் பதில் வராவிட்டால் அதுவே ஒரு சேதி!

இணைப்பது எப்படி?

இந்த வேலையைச் செய்கிற பொறியாளர்கள் கையாளும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், கிடங்குக்கு ஒரு விலாசம் கொடுக்கிறார்கள். காவல்காரன் அந்த விலாசத்தை எட்ட முடிகிறதா என்று பார்க்கிறார்கள்.

இரண்டாவது, ரகசியச் சொல். பல கருவிகளில் இந்த மொழிக்கு "பப்ளிக்" என்ற சொல்லையே ரகசியச் சொல்லாக வைத்து விற்றார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த சொல் ரகசியமாகுமா? அதை உடனே மாற்ற வேண்டும். எஸ்.என்.எம்.பி.யின் பழைய பதிப்புகளில் ரகசியச் சொல் அப்படியே வெளிப்படையாகப் போகும். மூன்றாம் பதிப்பில் அதை மறைத்து அனுப்ப வழி உண்டு.

மூன்றாவது, அதிகாரம். காவல்காரனுக்குப் பார்க்க மட்டுமே உரிமை. எதையும் மாற்றவோ அழிக்கவோ உரிமை கிடையாது. கண்ணைக் கொடு, சாவியைக் கொடுக்காதே!

நான்காவது, எல்லைக் கோடு. எந்த அளவைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும்?

பூந்தமல்லிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக் காலத்தில் அளவுகோலைப் பார்த்துக் கொண்டே இருப்பார்கள். 24 அடி ஆகட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி, ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அன்றைய அடையாற்று வெள்ளத்தைச் சென்னை மறக்காது. அளவு தெரிவது ஒன்று. அது வேளையோடு ஜனங்களுக்குத் தெரிவது இன்னொன்று.

டிஸ்க் கிடங்கும் ஏரி போலத்தான். மொத்தம் 10,000 ஜி.பி. இடம் என்று வைத்துக் கொள்ளுங்கள். 7,600 நிரம்பி விட்டது. தினம் 40 ஜி.பி. சேருகிறது. பாக்கி 2,400. இன்னும் 60 நாளில் நிரம்பி விடும்! 8,000-த்தில் மணி அடிக்கச் சொன்னால் 10-ம் நாள் தெரிந்து விடும். புது டிஸ்க் வாங்க 50 நாள் அவகாசம் கிடைக்கும். 9,900-த்தில் அடிக்கச் சொன்னால்? கையில் இருப்பது இரண்டரை நாள்!

ஐந்தாவது, மணி அடித்தால் யார் காதில் விழ வேண்டும்? பகல் ஷிப்டுக்கு ஒருவர். இரவு ஷிப்டுக்கு ஒருவர். அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர். இதை முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மணி அடிக்கவும் கூடாது. "புலி வருகிறது" கதை உங்களுக்குத் தெரியும். நூறு பொய் மணிக்குப் பிறகு வரும் உண்மை மணியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஆறாவது, சோதனை. கிடங்கு புதிதாக இருக்கும் போதே, உள்ளே முக்கியமான சேதி எதுவும் சேர்வதற்கு முன்பே, ஒரு டிஸ்கை வேண்டுமென்றே உருவிப் பார்ப்பது உண்டு. மணி அடித்தால் சரி. அடிக்காவிட்டால், நல்ல வேளை, இப்போதே தெரிந்தது!

வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும்

இந்தப் பெரிய கட்டடங்களில் பொதுவாகக் காவல் இரண்டு வகை.

கட்டடத்தை நடத்துகிறவர் மின்சாரம், குளிர்ச்சி, பாட்டரி, டீசல் ஜெனரேட்டர் ஆகியவற்றைக் கவனிப்பார். உள்ளே இடம் பிடித்து யந்திரம் வைத்திருக்கும் கம்பெனி, தன் டிஸ்குகளைத் தானே கவனித்துக் கொள்ளும்.

மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் வீட்டுக்காரர் பொறுப்பு. அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று குடித்தனக்காரர்தான் பார்க்க வேண்டும். "அவர் பார்ப்பார்" என்று இவரும், "இவர் பார்ப்பார்" என்று அவரும் இருந்து விட்டால், பால் பொங்கி வழிய வேண்டியதுதான்!

மணி அடித்தது, காதில் விழவில்லை

உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம்.

கிட்லாப் என்பது உலகப் பிரசித்தமான ஒரு கம்பெனி. சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை அங்கே சேமித்து வைக்கிறார்கள்.

2017 ஜனவரி 31-ம் தேதி இரவு அங்கே ஒரு கோளாறு. அதைச் சரி செய்ய ஒரு பொறியாளர் நெடுநேரம் போராடினார். அலுப்பில், ஒரு யந்திரத்தில் செய்ய வேண்டியதை வேறு யந்திரத்தில் செய்து விட்டார். அழிக்கும் கட்டளை! ஓரிரண்டு வினாடியில் தெரிந்து கொண்டு நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி. சேதி அழிந்து விட்டது.

பரவாயில்லை, தினமும் நகல் எடுத்து வைக்கிறோமே என்று நகலைத் தேடினார்கள்.

நகல் பெட்டி காலி!

நகல் எடுக்கும் வேலை, சாப்ட்வேர் பதிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாத காரணத்தால், தோற்றுப் போய்க் கொண்டே இருந்தது. தோற்ற போதெல்லாம் "நகல் எடுக்க முடியவில்லை" என்று எச்சரிக்கைக் கடிதமும் கிளம்பியது. ஆனால் அந்தக் கடிதத்தில் சரியான முத்திரை இல்லை என்று, அஞ்சல் பெறும் யந்திரம் அதை வாசலிலேயே தள்ளி விட்டது!

காவல்காரன் கத்தினான். காது மட்டும் இல்லை.

வேறொரு காரியத்துக்காக 6 மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்த நகல்தான் கம்பெனியைக் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத்தில் எழுதியது போயிற்று. சுமார் 5,000 வேலைத் திட்டங்களும், 700 புதுக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. கம்பெனியார் எதையும் மூடி மறைக்கவில்லை. நடந்ததை உலகுக்கே எழுதி வெளியிட்டார்கள். அதனால்தான் மற்றவர்கள் பாடம் படிக்க முடிந்தது.

மௌனம் எப்போதும் நல்ல சேதி அல்ல என்பதே அந்தப் பாடம். தவறு நடந்தால் மட்டும் சொல் என்று காவல்காரனிடம் சொன்னால் போதாது. "இன்று நகல் எடுத்தாயிற்று" என்று தினமும் சொல்லச் செய்ய வேண்டும். ஒரு நாள் அந்தச் சேதி வராவிட்டால் எழுந்து ஓட வேண்டும்.

காவல் மட்டும் போதுமா?

போதாது.

2007-ல் கூகிள் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். டிஸ்கில் முதல் பழுதுப் புள்ளி தோன்றினால், அடுத்த 60 நாளில் அது சாகும் அபாயம் மற்றவற்றைப் போல் 39 மடங்கு என்று கண்டார்கள். பார்த்தீர்களா, காவலின் பெருமையை!

ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. செத்துப் போன டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, அந்த முக்கியமான எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன!

2025 செப்டம்பர் 26-ம் தேதி தென் கொரியாவில் டேஜான் நகரத்து அரசாங்கத் தகவல் கிடங்கில் தீப்பிடித்தது. லிதியம் பாட்டரியில் தொடங்கிய தீ. 600-க்கு மேற்பட்ட அரசாங்கக் கம்ப்யூட்டர் சேவைகள் நின்று போயின. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளை வைத்திருந்த ஒரு பெரும் சேமிப்பு அடியோடு எரிந்தது. அதில் இருந்தது 858 டெராபைட். அதாவது 8 லட்சத்து 58 ஆயிரம் ஜி.பி. அளவு பெரிது என்று வெளியூரில் நகல் வைக்கவில்லை. பல வருஷ உழைப்பு சாம்பலாயிற்று.

ஆகவே, நகலும் வேண்டும். அந்த நகல் வேறோர் ஊரில் இருக்க வேண்டும். நகல் எடுத்தாயிற்றா என்று பார்க்கக் காவலும் வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு சேதி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். தகப்பனார் லேத்தில் நின்றார். மகனோ மகளோ நாளைக்கு இந்தக் காவல் அறையில் உட்காரலாம்.

இதைக் கற்றுக் கொள்ளப் பெரும் பணம் தேவையில்லை. நாகியோஸ் என்ற காவல் சாப்ட்வேர் 1999-ல் வந்தது. லாத்வியா நாட்டு அலெக்சி விளாதிஷெவ் என்பவர் எழுதிய ஜாபிக்ஸ் 2001-ல் வெளிவந்தது. 2012-ல் பிரொமீதியஸ் பிறந்தது. மூன்றையும் காசில்லாமல் வாங்கி ஓட்டிப் பார்க்கலாம். வீட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் போதும். அதன் டிஸ்க் எவ்வளவு நிரம்பி இருக்கிறது என்று காவல்காரனைக் கேட்கச் சொல்லுங்கள். எல்லைக் கோடு போடுங்கள். மணி அடிக்கிறதா என்று சோதியுங்கள். பெரிய கிடங்கில் செய்வதும் இதே வேலைதான். அங்கே அளவு பெரிது.

நம் வீட்டுக் கிடங்கு

உங்கள் கைப்பேசியும் ஒரு சிறு கிடங்குதான். அதற்குக் காவல்காரர் நீங்கள்தான்.

இடம் எவ்வளவு பாக்கி என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். முக்கியமான படம், பத்திரம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை மூன்று பிரதிகளாக வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு வகைக் கருவியில் இருக்கட்டும். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். அண்ணன் வீட்டிலோ, தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

கொடுத்து வைத்ததோடு விட்டு விடாதீர்கள். பொங்கலுக்குப் போகும் போது அதைத் திறந்து பாருங்கள். திறக்கிறதா? படம் தெரிகிறதா?

திறந்து பார்க்காத நகல், நகலே அல்ல!